தமனியில் ரத்தக்கட்டி இருப்பதை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: எனக்கு வயது 46. அப்பா 52 வயதில் மாரடைப்பில் இறந்தார். எனக்கு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதுவும் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. ஆனாலும் உள்ளுக்குள் பயம். வைரஸ் காய்ச்சல் வந்து குணமான சில நாட்களில், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஆய்வகத்தில் 'இதய அடைப்பு' தொகுப்புப் பரிசோதனை செய்துகொண்டேன். டி-டைமர் 620, எச்எஸ்-சிஆர்பி 4.2, ஹோமோசிஸ்டீன் 18, எல்பி(ஏ) 72, எல்டிஎல் 148, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 210, எச்பிஏ1சி 5.9 என்று வந்திருக்கிறது. ட்ரோபோனின் இயல்பு. டி-டைமரைச் சிவப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. தமனியில் கட்டி இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எது? ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி-டைமர் பார்த்துக்கொண்டால் போதுமா? இப்போதே ஆஸ்பிரின் தொடங்கலாமா?

பதில்:

நீங்கள் தேடும் பரிசோதனை இன்றுவரை இல்லை. நன்றாக நடமாடும் ஒருவரின் ரத்தத்தை எடுத்து, இவருடைய இதயத் தமனியிலோ மூளைத் தமனியிலோ கட்டி இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லும் திறன் எந்த ஆய்வகத்துக்கும் கிடையாது. 'இதய அடைப்பு' என்ற பெயரில் வரும் தொகுப்புகளில் இருப்பவை மூன்று வகைப் பரிசோதனைகள்: வருங்காலத்தில் ஆபத்து எவ்வளவு என்று கணிப்பவை, இதயத் தசை ஏற்கெனவே சேதமடைந்ததா என்று சொல்பவை, உடலில் எங்கோ ஒரு கட்டி உருவாகிக் கரைகிறது என்று பொதுவாகக் காட்டுபவை. மூன்றையும் ஒரே தாளில் அச்சிட்டு, அளவு தாண்டியதையெல்லாம் சிவப்பாக்கிவிடுவதால்தான் இந்தக் குழப்பம். உங்கள் அறிக்கையில் கவனிக்க வேண்டியவை எல்பி(ஏ)-யும், 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல்லும். சிவப்பில் வந்த டி-டைமர் அல்ல. இருந்தாலும் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. அந்த வலையைப் பிளாஸ்மின் என்ற நொதி வெட்டும்போது வெளிவரும் துண்டுகளில் ஒன்றுதான் டி-டைமர். கால் சிரைகளில் நீளமாக, ஃபைப்ரின் மிகுந்த கட்டி உருவாகும்போது இந்தத் துண்டுகள் ஏராளமாக வெளிவரும். எனவே கால் சிரையிலோ நுரையீரலிலோ கட்டி இருக்குமோ என்ற ஐயம் குறைவாக இருக்கும் நோயாளியிடம் 'இல்லை' என்று விலக்குவதற்கு இது நல்ல கருவி. 500-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலையை விட்டுவிடலாம். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரம்பாக வைக்கிறார்கள். 70 வயதுக்காரருக்கு 700. ஆனால் அளவு கூடியிருந்தால் கட்டி இருக்கிறது என்று அர்த்தமில்லை. காய்ச்சல், நிமோனியா, அறுவை சிகிச்சை, கர்ப்பம், புற்றுநோய், கல்லீரல் நோய், பெரிய காயம், முதுமை என்று பல காரணங்களால் அது உயரும். காய்ச்சலிலிருந்து எழுந்து சில நாட்களில் கொடுத்த ரத்தத்தில் 620 வந்ததில் வியப்பில்லை.

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அலகை ஒருமுறை பாருங்கள். டி-டைமரை இரண்டு விதமாக அளக்கிறார்கள்: எஃப்இயூ, டிடியூ. முதல் அளவு இரண்டாவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. 500 என்ற வரம்பு எஃப்இயூ-வுக்கு உரியது. டிடியூ-வில் அதுவே சுமார் 250. சில அறிக்கைகளில் நானோகிராம், சிலவற்றில் மைக்ரோகிராம் என்றும் மாறும்; 0.62 என்பதும் 620 என்பதும் ஒரே அளவாக இருக்கலாம். ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட்டு 'கூடிவிட்டது' என்று பதறுபவர்களில் பலர் அலகைப் பார்த்திருக்க மாட்டார்கள். ரத்தம் எடுக்கும் விதமும் முக்கியம். இளநீல மூடி போட்ட சிட்ரேட் குழாயில், குறியிட்ட கோடு வரை நிரப்ப வேண்டும். சிட்ரேட் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு. நரம்பு கிடைக்காமல் ஊசியால் துழாவினாலோ, குழாய் பாதிதான் நிரம்பினாலோ முடிவை நம்ப முடியாது.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் ஆகிய எதுவும் உங்களுக்கு இல்லையென்றால் இந்த 620-க்காக நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி-டைமர் பார்ப்பது வேண்டாம். அது மாரடைப்பைத் தடுக்காது. தேவையில்லாத ஸ்கேன்களுக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும்.

சிரைக் கட்டிக்கு உதவும் இந்தப் பரிசோதனை தமனிக் கட்டிக்கு ஏன் உதவுவதில்லை? இரண்டும் உருவாகும் விதமே வேறு. தமனிச் சுவரின் உள்ளே ஆண்டுக்கணக்கில் கொழுப்புப் படிவு வளர்கிறது. அது சுவருக்குள் இருக்கும் ஒன்று, ரத்தத்தில் மிதப்பதில்லை. ஒருநாள் அந்தப் படிவின் மேல்தோல் கிழிகிறது அல்லது தேய்கிறது. உடனே தட்டணுக்கள் அங்கே ஓடி வந்து ஒட்டுகின்றன. நிமிடங்களில் கட்டி உருவாகிறது. இதயத் தமனியின் உட்குழல் சில மில்லிமீட்டர் அகலம்தான். அதை அடைக்க மிகச் சிறிய கட்டி போதும். உடலில் ஓடும் சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்தில் அந்தச் சிறு கட்டி விடும் தடயம் கரைந்து போய்விடும். நேற்றுவரை இல்லாத கட்டி இன்று காலை உருவாகலாம் என்பதால், நேற்று எடுத்த ரத்தம் இன்றைய கட்டியைப் பற்றிச் சொல்ல வழியே இல்லை.

இதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் கட்டியைத் தேடுவதோடு நிற்காமல், கிழியப்போகும் படிவின் அடையாளத்தையும் ரத்தத்தில் தேடினார்கள். மயலோபெராக்சிடேஸ், தட்டணுக்கள் வெளிவிடும் பி-செலக்டின், சிடி40 லிகாண்ட், சுவரை அரிக்கும் எம்எம்பி-9 நொதி, எல்பி-பிஎல்ஏ2, ஃபைப்ரினோஜன், மைக்ரோ ஆர்என்ஏ என்று பட்டியல் நீளமானது. ஆய்வுகளில் இவற்றில் பல மாரடைப்பு வந்தவர்களிடம் சராசரியாகக் கூடுதலாகவே இருந்தன. ஆனால் ஒரு கூட்டத்தின் சராசரி கூடியிருப்பதும், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு தனிமனிதரின் நிலையைச் சொல்வதும் ஒன்றல்ல. நோயுள்ளவர்களின் அளவும் இல்லாதவர்களின் அளவும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அறிகுறி இல்லாத 1,000 பேரில் 10 பேருக்கு அடுத்த சில ஆண்டுகளில் மாரடைப்பு வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் வரப்போகிறவர்களில் 90 சதவீதத்தினரையும், வராதவர்களில் 90 சதவீதத்தினரையும் சரியாக அடையாளம் காட்டும் ஒரு பரிசோதனை கிடைத்துவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். அது 10 பேரில் 9 பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் 99 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். 'உண்டு' என்று வந்த 108 பேரில் உண்மையானவர்கள் 9 பேர்தான், 12-க்கு ஒருவர். இன்றுள்ள எந்தக் குறிகாட்டியும் அந்த 90 சதவீதத் திறனுக்குப் பக்கத்தில்கூட இல்லை. இன்னொரு சிக்கல், குறிகாட்டி உயர்ந்திருப்பதாலேயே அது நோயின் காரணமாகிவிடாது. எல்பி-பிஎல்ஏ2 நொதியை அடக்கும் டாராப்லடிப் என்ற மருந்தை ஆயிரக்கணக்கான இதய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை.

உங்கள் அறிக்கையில் இருக்கும் ஹோமோசிஸ்டீனும் இதே கதைதான். ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் கொடுத்தால் அதன் அளவு அழகாக இறங்குகிறது, மாரடைப்பு குறையவில்லை. 2006-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. போதாததற்கு, இந்த ரத்தத்தை எடுத்த உடனே பனியில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் அணுக்களைப் பிரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே ஹோமோசிஸ்டீனைத் தொடர்ந்து வெளிவிடும். சாதாரண வெப்பத்தில் மணிக்குச் சுமார் 10 சதவீதம் கூடும். வீட்டில் எடுத்து, பல வீடுகள் சுற்றி ஆய்வகம் போய்ச் சேர்ந்த குழாயில் 15 என்ற வரம்பைத் தாண்டி 18 வந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நீங்கள் சுத்த சைவம் என்றால் மட்டும் பி12 அளவு பாருங்கள். பி12 குறைவதே இதற்குக் காரணமாக இருக்கலாம், அதைச் சரிசெய்வது நரம்புகளுக்கும் ரத்தத்துக்கும் நல்லது.

ட்ரோபோனின் இயல்பாக வந்ததில் நிம்மதி அடைந்திருப்பீர்கள். அதன் பொருள் என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ரத்தம் எடுத்த சமயத்தில் இதயத் தசைச் சேதம் எதுவும் தென்படவில்லை, அவ்வளவே. 80 சதவீத அடைப்பு உள்ளவருக்கும் ட்ரோபோனின் இயல்பாக இருக்கலாம். தசை சாகத் தொடங்கினால்தான் அது ஏறும். வலி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறி, ஒரு வாரம் பத்து நாள் வரை ரத்தத்தில் தங்கும். அதனால் மருத்துவமனையில் ஒருமுறை எடுத்துவிட்டு அனுப்புவதில்லை. ஒன்று, இரண்டு அல்லது மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு, இதயத் தசை அழற்சி, கடுமையான தொற்று ஆகியவற்றிலும் அது கூடியிருக்கும். நாள்பட்ட சிறுநீரகக் கோளாறில் அது பெரும்பாலும் மாரடைப்பில் போல மளமளவென்று ஏறி இறங்காது. முடி உதிர்வுக்காக அதிக அளவு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில கருவிகளில் பயோட்டின் ட்ரோபோனின் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் இதுபற்றி எச்சரித்தது.

எச்எஸ்-சிஆர்பி அழற்சியின் அளவுகோல். 1-க்குக் கீழே குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் உடலில் ஏதோ தொற்று இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அது தீர்ந்தபின் திரும்பப் பார்க்க வேண்டும். காய்ச்சல் முடிந்த கையோடு எடுத்த உங்கள் 4.2-ஐ வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. குணமாகி நான்கு வாரமாவது கழித்து ஒருமுறை, அதற்கு இரண்டு வாரம் கழித்து மறுமுறை எடுத்துச் சராசரி பாருங்கள். இந்தக் குறிகாட்டிக்கு ஓரளவு மதிப்பு உண்டு. எல்டிஎல் 130-க்குக் கீழே இருந்தும் எச்எஸ்-சிஆர்பி 2 அல்லது அதற்குமேல் இருந்தவர்களுக்கு, எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான ரோசுவாஸ்டாட்டின் கொடுத்த ஜூபிட்டர் ஆய்வில் (2008) இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் 44 சதவீதம் குறைந்தன. ஆனாலும் அது ஆபத்தைத்தான் சொல்கிறது. அடைப்பு எங்கே, எவ்வளவு என்று சொல்வதில்லை.

இனி நீங்கள் உண்மையிலேயே கவனம் வைக்க வேண்டிய எண்கள். எல்பி(ஏ) என்பது எல்டிஎல் துகள்மீது இன்னொரு புரதம் ஒட்டிய வடிவம். 1963-இல் நார்வே அறிவியலாளர் கோரே பெர்க் இதைக் கண்டறிந்தார். இதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிக்கிறது. உணவாலோ உடற்பயிற்சியாலோ பெரிதாக மாறுவதில்லை. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல், அல்லது நானோமோல் அலகில் 125-க்கு மேல் இருந்தால் ஆபத்தைக் கூட்டும் காரணியாகக் கொள்கிறார்கள். ஒரு அலகை இன்னொன்றாக மாற்றும் நம்பகமான பெருக்கல் எண் கிடையாது. எனவே உங்கள் 72-க்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மில்லிகிராம் என்றால் கூடுதல்தான். நானோமோல் என்றால் வரம்புக்குக் கீழே. மில்லிகிராமாக இருந்தால், 52 வயதில் அப்பாவை இழந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருந்திருக்கலாம். தந்தைக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் வரும் இதயநோயை இளவயது நோய் என்றே கணக்கில் எடுக்கிறோம். ஆக, உங்கள் பயம் காரணமில்லாதது அல்ல. அதை நீங்கள் தேடிய இடம்தான் பொருந்தவில்லை.

எல்பி(ஏ)-யை ஸ்டாட்டின் குறைக்காது. அதைக் குறிவைக்கும் பெலகார்சன், ஒல்பாசிரான் போன்ற மருந்துகளைப் பெரிய ஆய்வுகளில் சோதித்து வருகிறார்கள். அதனால் நம்மால் மாற்ற முடிந்த மற்றவற்றை, முதலில் எல்டிஎல்லை, கூடுதல் கண்டிப்போடு இறக்க வேண்டும். எல்டிஎல் 39 மில்லிகிராம் குறைந்தால் பெரிய இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைகின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஆய்வுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்துக் கிடைத்த முடிவு இது. மேலே சொன்ன குறிகாட்டிகள் எதற்கும் இத்தனை உறுதியான சான்று இல்லை. உங்கள் ட்ரைகிளிசரைடு 210, எச்டிஎல் 38, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.9 மூன்றும் சேர்ந்து, சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள் என்று சொல்கின்றன. இப்படிப்பட்டவர்களுக்கு எல்டிஎல் எண் மட்டும் ஆபத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். அபோ-பி அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு எல்டிஎல் துகளிலும் ஒரே ஒரு அபோ-பி மூலக்கூறுதான் உண்டு என்பதால், படிவை உண்டாக்கும் துகள்களின் எண்ணிக்கையையே அது சொல்லிவிடும். 130-க்கு மேல் போனால் அதுவும் ஆபத்தைக் கூட்டும் காரணி.

அடைப்பு இருக்கிறதா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் படத்தில்தான் கிடைக்கும். உங்கள் வயதிலும் நிலையிலும் பொருத்தமானது சிடி ஸ்கேனில் எடுக்கும் கால்சியம் ஸ்கோர். ஊசி இல்லை, சாயமருந்து இல்லை, சில நிமிட வேலை, கதிர்வீச்சும் குறைவு. தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்த இடங்களைக் கணக்கிட்டு ஓர் எண் தரும். பூஜ்யம் வந்தால் அடுத்த சில ஆண்டுகளுக்கு ஆபத்து குறைவு. 100-ஐத் தாண்டினால் ஸ்டாட்டின் தொடங்குவதில் தயக்கம் வேண்டாம். 400-க்கு மேல் என்றால் இதயநோய் நிபுணரின் மேற்பார்வை தேவை. இன்னும் சுண்ணாம்பு ஏறாத மெல்லிய படிவு இதில் தெரியாது. உங்களைப் போன்ற குடும்ப வரலாறு உள்ளவர்கள் பூஜ்யம் வந்துவிட்டது என்று எல்டிஎல்லைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. ட்ரெட்மில் பரிசோதனையை நம்பி மட்டும் இருக்க வேண்டாம். அது பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட அடைப்பைத்தான் காட்டும். மாரடைப்புகள் பலவும் அதைவிடச் சிறிய படிவு கிழிவதால் வருகின்றன. நடந்தால் கெண்டைக்கால் இறுகி, நின்றால் சரியாகும் வலி இருந்தால் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் கால் தமனியில் அடைப்பு. நாடி ஒழுங்கில்லாமல் துடித்தால் இசிஜி அவசியம். மூளைத் தமனியை அடைக்கும் கட்டிகளில் பல, தாறுமாறாகத் துடிக்கும் இதய மேலறையில் உருவாகி வந்தவை.

ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்காதீர்கள். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அதன் பலன் உறுதி. வராதவர்களிடம் 2018-இல் மூன்று பெரிய ஆய்வுகள் வெளியாயின. பலன் சொற்பமாக இருந்தது அல்லது இல்லவே இல்லை; இரைப்பை, குடல் ரத்தக்கசிவோ கூடியது. கால்சியம் ஸ்கோர் அதிகமாக வந்து, ரத்தக்கசிவு ஆபத்து குறைவாக இருந்தால் மருத்துவர் யோசிப்பார். அதுவரை வேண்டாம்.

ரத்தம் உறையும் தன்மையை ஆராயும் பரிசோதனைகளையும் சிலர் இந்தத் தொகுப்புகளில் சேர்க்கிறார்கள். ஃபேக்டர் ஃபைவ் லெய்டன், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் ஆகியவை முக்கியமாகச் சிரைக் கட்டிகளோடு தொடர்புடையவை, உங்களுக்குத் தேவையில்லை. 50 வயதுக்குள் காரணம் தெரியாமல் தமனியில் கட்டி வந்தவர்களுக்கும், கருச்சிதைவு திரும்பத் திரும்ப நேர்ந்தவர்களுக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் பரிசோதனை உதவும். அதையும் 12 வாரம் இடைவெளி விட்டு இரண்டாம் முறை உறுதி செய்தாக வேண்டும். சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்: தட்டணுக்கள் தொடர்ந்து 4,50,000-க்கு மேல் இருந்தாலோ, ஹீமோகுளோபின் அளவுக்கு மீறி இருந்தாலோ, தமனிக் கட்டியை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்களுக்கான வேலை இதுதான். ஒரு வாரம் காலை, மாலை இருவேளையும் வீட்டில் ரத்த அழுத்தம் எடுத்து எழுதி வையுங்கள்; அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். காய்ச்சல் தீர்ந்து நான்கு வாரம் கழித்து கொழுப்பு அளவுகள், அபோ-பி, எச்எஸ்-சிஆர்பி, தைராய்டு, கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், கல்லீரல் நொதி ஆகியவற்றைப் பாருங்கள். தைராய்டு குறைந்திருந்தால் அதுவே எல்டிஎல்லை ஏற்றும். ட்ரைகிளிசரைடு கூடியிருப்பதால் 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து கொடுப்பது நல்லது. இவற்றோடு கால்சியம் ஸ்கோரையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எல்பி(ஏ) மில்லிகிராமில் 72 என்பது உறுதியானால் ஸ்டாட்டின் பற்றிய பேச்சு தவறாமல் எழ வேண்டும். எல்டிஎல்லை 100-க்குக் கீழே, ஸ்கோர் அதிகமாக இருந்தால் 70-க்குக் கீழே கொண்டுவருவது நியாயமான இலக்கு. தொடங்கிய 4 முதல் 12 வாரத்துக்குள் திரும்ப அளந்தால்தான் மருந்தின் அளவு போதுமா என்று தெரியும். ஸ்டாட்டின் சர்க்கரையைச் சற்றே ஏற்றலாம். உங்கள் எச்பிஏ1சி 5.9 என்பதால் எடையும் நடையும் மருந்துக்கு இணையாக முக்கியம்.

நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் ஆய்வகத்தை அழைக்காதீர்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். மருத்துவமனையில் நுழைந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. அது தெளிவாக மாரடைப்பைக் காட்டினால் ட்ரோபோனின் முடிவுக்காகக்கூடக் காத்திருக்க மாட்டார்கள். முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் வந்தாலும் இதே வேகம் வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே அவகாசம். அந்த ஊசிக்கு முன் பெரும்பாலானவர்களுக்குக் கட்டாயமாகத் தேவைப்படும் ஒரே ரத்தப் பரிசோதனை சர்க்கரை அளவு. மற்றதை மூளை ஸ்கேன் சொல்லும். பக்கவாத அறிகுறிக்கு வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். உள்ளே ரத்தக்கசிவாக இருந்தால் கேடு பெரிதாகும்.

உங்களுக்கு எல்பி(ஏ) கூடியிருப்பது உறுதியானால், உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் அந்த ஒரு பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ளச் சொல்லுங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அது இருக்க ஏறத்தாழ பாதி வாய்ப்பு உண்டு.